பைற்றும் ஷோர்ட்டும் எப்ப பாவிக்கிறது, எப்ப தொடாம விடுறது

போன கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு வந்து எங்கட விறாந்தையில இருந்திட்டுக் கேட்டான், "அண்ணை, வயசு போட இன்ற் எடுத்தது பிழையாம், பைற் எடுக்கட்டாம், மெமரி வீணாப் போகுதாம், உண்மையோ?" எண்டு. இன்ற், பைற், ஷோர்ட் எண்டுறது புரோகிராமில ஒரு எண்ணுக்கு மெமரியில எவ்வளவு இடம் ஒதுக்கிறது எண்டு சொல்லுற ரைப்புகள், இன்ற் வழமையா நாலு பைற் இடம், பைற் ஒண்டு. ஆர் சொன்னது எண்டு கேட்டா கூடப் படிக்கிற பெடியன் ஒருத்தனாம். உண்மைதான், ஆனா ஒரு பிரயோசனமும் இல்லாத உண்மை எண்டு சொன்னன், அவன் முழிக்கிறான். ஒரு வயசை இன்ற்றுக்கை வச்சா மூண்டு பைற் வீண், அது சரி. அவன்ர லப்டொப்பில 8 ஜீபி ரேம், எண்ணிப் பாத்தா 850 கோடிக்கு மேல பைற். அதில மூண்டு போறது நல்லூர்த் தேருக்கு வந்த சனத்துக்கை மூண்டு பேர் சப்பாத்தைத் தேடிக்கொண்டு வீட்டை போன மாதிரித்தான், ஆருக்குத் தெரியப்போகுது.

ஆனா அவனுக்கு அண்டைக்கு ஒரு மணித்தியாலம் இருந்து சொன்னதை எல்லாம் இதில எழுதி வைக்கிறன், ஏன் எண்டா இந்தச் சின்ன ரைப்புகள் தேவைப்படுற இடமும் இருக்குது, தேவை இல்லாத இடத்தில போட்டு மாட்டுப்படுறதும் நடக்குது, நானே வடிவா மாட்டுப்பட்டிருக்கிறன், அது பேந்து வரும். கோட்டைத் தமிழ் எழுத்திலயே அடிக்கிறன், கீபோர்ட்டை மாத்தி மாத்தி அடிக்கப் பஞ்சி, நீங்கள் கொம்பியூட்டரில போடேக்கை ஆங்கிலத்தில அடியுங்கோ.

முதல்ல அளவு. ஒரு பைற் எண்டா சுவரில எட்டு சுவிச் வரிசையா இருக்கிற போர்ட் எண்டு நினையுங்கோ. ஒவ்வொரு சுவிச்சுக்கும் ஒரு பெறுமதி, வலப்பக்கத்தில இருந்து 1, 2, 4, 8, 16, 32, 64, 128. போட்டிருக்கிற சுவிச்சுகளின்ர பெறுமதியைக் கூட்டினா அதுதான் எண். பள்ளிக்கூடப் புத்தகத்தில துவித எண் எண்டு படிச்சது இதுதான். கொழும்பு யாழ்ப்பாணம் பஸ் நம்பர் 87, அதைப் போட 64, 16, 4, 2, 1 ஐஞ்சு சுவிச் காணும். எல்லாத்தையும் நிப்பாட்டினா 0, எல்லாத்தையும் போட்டா 255. பருத்தித்துறை பஸ் 750 ஐப் போடப் பாத்தா ஏலாது, எட்டு சுவிச்சையும் போட்டாலும் காணாது, இன்னொரு போர்ட் பக்கத்தில பூட்ட வேணும். அவ்வளவுதான் ஷோர்ட் எண்டுறது, ரெண்டு போர்ட், 16 சுவிச், 0 இல இருந்து 65,535 வரைக்கும். ஜாவாவில நாலு போர்ட் எண்டா இன்ற், எட்டு எண்டா லோங், வேற இடங்களில இது மாறும்.

மைனஸ் எண் வேணும் எண்டா என்ன செய்யிறது? ஆக இடப்பக்கத்து சுவிச்சின்ர பெறுமதியை 128 எண்டு வையாம −128 எண்டு வைக்கிறது, மிச்சம் எல்லாம் அப்பிடியே. அப்ப அதை மட்டும் போட்டா −128, அதை விட்டிட்டு மிச்ச ஏழையும் போட்டா 127, எட்டையும் போட்டா −128 உம் 127 உம் சேந்து −1. இதைத்தான் ரூஸ் கொம்பிளிமென்ற் எண்டு பெரிய பேர் வச்சுச் சொல்லுறது, கன பேர் பிற் (ஒரு சுவிச்சுக்குத்தான் இந்தப் பேர்) எல்லாத்தையும் திருப்பிப் போட்டு ஒண்டைக் கூட்டு எண்டு மந்திரம் மாதிரி பாடமாக்கிறவை, இப்பிடி நினைச்சா பாடமாக்கத் தேவையில்லை. மைனஸ் வாறதை சைன்ட் எண்டும் வராததை அன்சைன்ட் எண்டும் சொல்லுறது. சைன்ட் ஷோர்ட் −32,768 இல இருந்து 32,767, சைன்ட் இன்ற் 214 கோடிச் சொச்சம், சரியாச் சொன்னா 2,147,483,647. லோங்கின்ர எல்லை 19 இலக்க எண், அதைப் பாடமாக்கி ஒண்டும் செய்யப்போறதில்லை.

பேர்தான் பெரிய கரைச்சல். ஜாவாவில பைற் எண்டா சைன்ட், −128 இல இருந்து 127. ஆர்டுயினோவில (மோட்டர், லைற் மாதிரிச் சாமான்களை ஓட்டுற சின்னக் கொம்பியூட்டர் போர்ட்) அதே பைற் எண்ட சொல் அன்சைன்ட், 0 இல இருந்து 255. பாஸ்கலிலயும் பைற் 0 இல இருந்து 255 தான், மைனஸ் வேணும் எண்டா ஷோர்ட்இன்ற் எண்டு வேற பேர். சீ மொழியில பைற் எண்டே ஒண்டு இல்லை, சார் எண்டதைத்தான் பாவிக்கிறது, அது சைன்டோ அன்சைன்டோ எண்டது கொம்பைலரையும் (நாங்கள் எழுதுற கோட்டை மிசின் மொழிக்கு மாத்துற புரோகிராம்) சிப்பையும் பொறுத்தது, சாதாரண பீசீயில மைனஸ் வரும், ஏஆர்எம் சிப் போட்ட லினக்ஸ் போர்டில வழமையா வராது. இந்த விசர் வேலைக்காகத்தான் 1999 இல வந்த சீ99 இல எஸ்ரிடிஇன்ற் எண்டு ஒரு ஹெடர் ஃபைல் குடுத்தவை, அதைப் போட்டா இன்ற்8_ரி, யூஇன்ற்8_ரி, இன்ற்16_ரி எண்டு அளவு பேரிலயே இருக்கும். சீயிலயோ ஆர்டுயினோவிலயோ சின்ன ரைப் வேணும் எண்டா இந்தப் பேர்களையே பாவியுங்கோ, ஆறு மாசம் கழிச்சுத் திறந்து பாக்கேக்கை நீங்களே நன்றி சொல்லுவியள்.

சரி, கொள்ளாத எண்ணைப் போட்டா என்ன நடக்கும் எண்டு ஒருக்கா செய்து பாப்பம். பழைய ஏ40 கார் ஓடித் திரிஞ்ச காலத்து ஆக்களுக்குத் தெரியும், மைல் மீற்றர் 99999 க்கு வந்தா அடுத்த மைலுக்கு 00000 எண்டு திரும்பி நிக்கும், கார் புதுசாகேல்லை, மீற்றருக்கு இலக்கம் காணாது. பைற்றும் அப்பிடித்தான், 255 க்கு அடுத்தது 0, அதால 256 ஐக் கழிச்சுக் கொண்டு போனா என்ன வரும் எண்டு பேப்பரிலயே கண்டுபிடிக்கலாம். கண்டியில இருந்து யாழ்ப்பாணம் வாற ஏ9 ரோட்டு 321 கிலோமீற்றர். சீ பிளஸ் பிளஸ்ஸில

யூஇன்ற்8_ரி தூரம் = 321;

எண்டு போட்டு சீஅவுட்டில பிறின்ற் பண்ணிப் பாருங்கோ. 321 இல 256 போனா 65 வரவேணும். ஸ்கிரீனில 65 வராது, பெரிய ஆங்கில எழுத்து 'ஏ' ஒண்டு வந்து நிக்கும். ஏ9 ரோட்டுக்கு ஏ எண்டு காட்டுது, கொம்பியூட்டருக்கு எங்கட ரோட்டுத் தெரியும்போல எண்டு தம்பி சிரிச்சான். விசயம் என்னெண்டா யூஇன்ற்8_ரி உள்ளுக்குள்ள சார் தான், சீஅவுட் அதைக் கண்டா எழுத்து எண்டு நினைக்குது, எழுத்துகளுக்கு நம்பர் குடுக்கிற ஆஸ்கி அட்டவணையில 65 க்கு அந்த எழுத்து. எண்ணாக் காட்ட வேணும் எண்டா முன்னால ஒரு பிளஸ் போட்டா காணும், +தூரம் எண்டு, அது இன்ற்றா மாறிப்போகும். ஒரு வரியில ரெண்டு பிழை, ஒண்டு எண் சுத்திப் போனது, மற்றது அதையும் எழுத்தாக் காட்டினது. கொம்பைலர் ஒரு வோர்னிங் குடுக்கும், அதை வாசிக்கிற பழக்கம் எங்களில எத்தினை பேருக்கு இருக்கு.

இனி எப்பிடித் தெரிவு செய்யிறது எண்டதுக்கு வருவம். நான் தம்பிக்குச் சொன்னது, ரைப்பைப் பாக்க முதல் எண்ணைப் பார். அந்த எண் ஆகக் கூடினது எவ்வளவு போகும், இண்டைக்கு இல்லை, இந்த புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிற காலம் முழுக்க. மைனஸ் வருமோ. இது ரெண்டையும் எல்லாரும் கேப்பினம். மூண்டாவதைத்தான் விட்டிடுவினம், அந்த எண்ணை வச்சுக் கணக்குச் செய்யேக்கை நடுவில வாற எண் எவ்வளவு பெரிசு எண்டது.

ஏஎல்லில மூண்டு பாடம், ஒவ்வொண்டுக்கும் 100 க்கு மேல மாக்ஸ் வராது, அப்ப பைற் காணும்தானே எண்டு மூண்டையும் பைற்றில வைக்கிறியள், பிழையில்லை. 85, 92, 90. கூட்டுத்தொகையையும் அதே ரைப்பில வச்சா 267 வரவேண்டிய இடத்தில 11 வரும், சராசரி 3. பிள்ளை மூண்டு பாடத்திலயும் ஏ எடுத்திட்டு சராசரி 3 எண்டு ரிப்போட்டில பாத்தா வீட்டில என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. மாக்ஸ் பைற்றில இருக்கலாம், கூட்டுறது இன்ற்றில இருக்க வேணும். எங்க குவிக்கிறியளோ அங்க பெரிய பாத்திரம் வையுங்கோ, சுண்டால அளக்கலாம், ஆனா அளந்ததைக் கொட்டுறது சுண்டுக்கை இல்லைத்தானே.

இதிலயாவது 3 எண்டு வந்து காட்டிக்குடுத்துப்போடும். காட்டிக்குடுக்காத பிழைதான் பொல்லாதது. எங்கட பொது நூலகத்தை 1981 இல எரிக்கேக்கை கிட்டத்தட்ட 97,000 புத்தகம் உள்ளுக்கை இருந்தது, இந்த எண் யாழ்ப்பாணத்தில எல்லாருக்கும் பாடம். அவ்வளவு புத்தகத்துக்கும் ஒண்டில இருந்து நம்பர் போட்டு ஒரு புரோகிராம் எழுதுறம் எண்டு வையுங்கோ, நம்பரை அன்சைன்ட் ஷோர்ட்டில வைக்கிறம். 65,535 மட்டும் ஒரு பிரச்சினையும் இல்லை. அடுத்த புத்தகத்துக்கு 0. அதுக்கடுத்தது 1, அது ஏற்கெனவே ராக்கையில இருக்கிற முதல் புத்தகத்தின்ர நம்பர். 97,000 ஆவது புத்தகத்துக்கு விழுறது 31,464. பாருங்கோ, அது ஒரு பிழையான எண் மாதிரியே இல்லை. சைன்ட் ஷோர்ட் போட்டிருந்தாலும் நடுவில மைனஸுக்குப் போய் திரும்பி வந்து அதே 31,464 இல தான் நிண்டிருக்கும். கடைசி எண்ணை மட்டும் பாக்கிறவனுக்கு ஓகோ முப்பத்தோராயிரம் புத்தகம்தான் இருந்ததாக்கும் எண்டு தோன்றும், ஒரு எரரும் இல்லாம 65,536 புத்தகம் கணக்கில இருந்து போயிருக்கும். அதால எண்ணிக்கை, நம்பர், காசு, நேரம் இந்த நாலுக்கும் சின்ன ரைப் எடுக்கவே எடுக்காதேங்கோ, இது நாலும் வளந்துகொண்டு போற சாமான். வயசு, மாதம், மாக்ஸ், நிறம், சதவீதம் இதுகள் வளராது, இதுகளுக்கு எடுக்கலாம்.

ஜாவா படிக்கிறாக்களுக்கு ஒரு பொறி இருக்குது, முதல் கிழமையிலயே விழுவியள்.

பைற் அ = 100;
பைற் ஆ = 50;
பைற் இ = அ + ஆ;

மூண்டாவது வரியில கொம்பைலர் சிவப்புக் கோடு போடும், இன்ற்றில இருந்து பைற்றுக்கு மாத்தேக்கை இழப்பு வரலாம் எண்டு. நான் எங்க இன்ற் போட்டனான் எண்டு கேப்பியள். ஜாவா பைற்றையும் ஷோர்ட்டையும் கூட்டேக்கை முதல்ல ரெண்டையும் இன்ற்றாக்கிப் போட்டுத்தான் கூட்டும், விடையும் இன்ற். உடன எல்லாரும் செய்யிறது, முன்னால பைற் எண்டு காஸ்ட் போட்டு கொம்பைலரின்ர வாயை அடைக்கிறது. அடைச்சா விடை −106. கொம்பைலர் சொன்னது சரி, 150 அதுக்கை கொள்ளாது எண்டுதான் அது கத்தினது. காஸ்ட் எண்டுறது எனக்குத் தெரியும் நீ பேசாம இரு எண்டு சொல்லுறது, உண்மையாத் தெரிஞ்சா மட்டும் சொல்லுங்கோ. இன்னும் மோசம் என்னெண்டா அ += ஆ எண்டு எழுதினா சிவப்புக் கோடே வராது, அதுக்குள்ள காஸ்ட் ஒளிஞ்சு இருக்கு, பேசாம −106 ஐ வச்சிட்டுப் போயிடும். அ = அ + ஆ உம் அ += ஆ உம் ஒண்டுதானே எண்டு புத்தகத்தில போட்டிருக்கும், ஒண்டில்லை.

அடுத்தது லூப், ஒரே வேலையைத் திருப்பித் திருப்பிச் செய்ய வைக்கிறது. நல்லூர்க் கொடியேறி 25 நாள், 24 ஆம் நாள் தேர், 25 தீர்த்தம். எத்தினை நாள் மிச்சம் எண்டு காட்ட ஆர்டுயினோவில ஒருத்தன் இப்பிடி எழுதினவன், ஃபோர், பைற் நாள் = 25, நாள் >= 0, நாள்−−. 25, 24, 23 எண்டு வடிவா இறங்கி 0 க்கு வந்து, அடுத்தது −1 ஆகி லூப் முடிய வேணும், ஆனா அன்சைன்ட் பைற்றுக்கு −1 தெரியாது, 255 ஆகிப்போச்சு. 255 உம் 0 ஐ விடப் பெரிசுதானே, அதால திருவிழா முடியவே இல்லை, கொடி இறங்காமலே சுத்திக்கொண்டு நிக்குது. ஜாவாவில இதின்ர மறுபக்கம், பைற்றில 0 இல இருந்து 200 க்கு எண்ணப் பாத்தா 127 க்கு அடுத்தது −128, 200 ஐக் காணவே மாட்டுது. லூப் எண்ணுறதுக்கு எப்பவும் இன்ற், இதில யோசிக்க ஒண்டும் இல்லை.

இப்ப என்ர கதை. கோண்டாவிலில மாமாவின்ர வாழைத்தோட்டம், கிணத்தில மோட்டர். ஒவ்வொருக்காலும் போய் சுவிச் போடுறது அலுப்பா இருக்கு, ஏதும் செய்து தாவன் எண்டு கேட்டார், நானும் கையில இருந்த ஆர்டுயினோ ஊனோ ஒண்டையும் ஒரு ரிலேயையும் (ஆர்டுயினோ சொல்ல மோட்டருக்குக் கரண்ட் விட்டு நிப்பாட்டுற சுவிச்) கொண்டு போனன். பட்டனை அமத்தினா மோட்டர் ஓட வேணும், சொன்ன நேரம் முடிய நிக்க வேணும், அவ்வளவுதான் வேலை. 5 செக்கன் போட்டுப் பாத்தன், ரிலே டிக் எண்டுது, ஐஞ்சு செக்கனில திருப்பி டிக். 30 செக்கன் போட்டன், சரி. ஒரு நிமிசம் எண்டு மாத்தினன், டிலே எண்டுறது குடுத்த மில்லிசெக்கன் மட்டும் காத்திருக்கிற கட்டளை, ஒரு செக்கனுக்கு 1000,

டிலே(60 * 1000);

மோட்டர் ஓடுது. மாமி தேத்தண்ணி கொண்டு வந்தா, விறாந்தையில இருந்து குடிச்சுக்கொண்டு கதைச்சதில நேரம் போட்டுது. ரெண்டாவது டிக் கேக்கேல்லை எண்டது எனக்கு உறைக்கவே இல்லை. பின்னால இருந்து மாமா கத்துறார், "டேய் தம்பி, கிணத்தில அடி தெரியுதடா, ஓடி வா!" ஓடிப் போய் மெயினை நிப்பாட்டினன், மோட்டர் தண்ணி இல்லாம இழுத்துக்கொண்டு நிக்குது, குழாயில காத்துத்தான் வருது. ரிலே பழுது எண்டு சொல்லி அண்டைக்குத் தப்பிட்டன். அடுத்த நாள் புது ரிலே வாங்கிக்கொண்டு வந்து மாத்தி, இனிப் பிரச்சினை இல்லை எண்டு பத்து நிமிசம் எண்டு 10 * 60 * 1000 போட்டா பத்துச் செக்கனில நிக்குது. ஒண்டுக்கு நிக்கமாட்டன் எண்டுது, பத்துக்கு ஓடமாட்டன் எண்டுது. மாமா என்னையும் பாக்கிறார், மோட்டரையும் பாக்கிறார்.

இரவு பேப்பரில எழுதிப் பாத்தாப்பிறகுதான் விளங்கிச்சுது. ஊனோவில இருக்கிறது எட்டு பிற் சிப், ஏரிமெகா328பி, அதில இன்ற் எண்டா நாலு பைற் இல்லை, ரெண்டே ரெண்டு பைற். நான் சின்ன ரைப் ஒண்டும் எடுக்கேல்லை, இன்ற் எண்டு நினைச்சதே அங்க சின்ன ரைப். 60 உம் இன்ற், 1000 உம் இன்ற், பெருக்கி வாறதும் இன்ற், 60,000 அதுக்கை கொள்ளாது, 65,536 ஐக் கழிச்சா −5,536. டிலே வாங்கிறது 32 பிற் அன்சைன்ட் எண், மைனஸ் அதுக்குத் தெரியாது, −5,536 ஐக் கொண்டு போய்க் குடுத்தா அது 4,294,961,760 மில்லிசெக்கன் எண்டு எடுக்குது. நாள் கணக்கில கிட்டத்தட்ட ஐம்பது நாள். ரிலேயில ஒரு பிழையும் இல்லை, ஐம்பது நாள் ஓடு எண்டு நான்தான் சொல்லி விட்டிருக்கிறன். பத்து நிமிசத்துக்கு 600,000, அதில ஒன்பது தரம் 65,536 போனா 10,176, அதுதான் பத்துச் செக்கன். 30 செக்கன் ஏன் சரியா ஓடினது எண்டா 30,000 எண்டது 32,767 க்குக் கீழ. நான் ரெஸ்ற் பண்ணின ரெண்டு எண்ணும் எல்லைக்கு இங்கால, தோட்டத்துக்குத் தேவையான எண் எல்லைக்கு அங்கால.

திருத்தினது ரெண்டு எழுத்தால. 60 க்குப் பின்னால யூஎல் எண்டு ஒட்டி 60யூஎல் * 1000 எண்டு எழுதினா முதல் எண்ணே அன்சைன்ட் லோங், ஊனோவில லோங் நாலு பைற், அப்ப பெருக்கல் முழுக்க 32 பிற்றில நடக்கும். விடையை வைக்கிற வேரியபிளைப் பெரிசாக்கினா காணும் எண்டு நினைச்சிடாதேங்கோ, அன்சைன்ட் லோங் நேரம் = 60 * 1000 எண்டு எழுதினாலும் அதே பிழைதான், ஏன் எண்டா பெருக்கி முடிஞ்சு பழுதாப் போனதுக்குப் பிறகுதான் அந்தப் பெரிய பாத்திரத்துக்கு வருது. இதே கோட்டை ஈஎஸ்பி32 எண்ட வேற போர்டில போட்டா ஒரு பிரச்சினையும் இல்லாம ஓடும், அதில இன்ற் நாலு பைற், அதால இன்ரநெற்றில ஆரோ ஓடுது எண்டு போட்ட கோட் உங்கட போர்டில கிணத்தை வத்தப் பண்ணலாம். ஆர்டுயினோ ஐடிஈயில பிரிஃபரன்ஸுக்கை போய் கொம்பைலர் வோர்னிங் எண்டதை ஓல் எண்டு மாத்தி விடுங்கோ, வழமையா அது நிப்பாட்டி இருக்கும். மாத்திப்போட்டு என்ர பழைய கோட்டைத் திருப்பிக் கொம்பைல் பண்ணினன், ஓவர்ஃப்ளோ எண்டு வரி நம்பரோட சொல்லுது. அண்டைக்கே மாத்தி இருந்தா ரிலேக் காசும் மிச்சம், மானமும் மிச்சம்.

எனக்காவது கிணறு. 1996 யூன் 4 ஆந் திகதி ஐரோப்பாவின்ர ஏரியான் 5 ரொக்கெற் முதல்முதல் எழும்பி 40 செக்கனளவில உடைஞ்சு சிதறினது, 64 பிற் தசம எண் ஒண்டை 16 பிற் சைன்ட் இன்ரிஜருக்கை போடப் போய். அந்தக் கோட் அதுக்கு முந்தின ஏரியான் 4 இல ஒழுங்கா ஓடினது, புது ரொக்கெற்றின்ர வேகத்துக்கு எண் பெரிசாப் போச்சுது.

அப்ப சின்ன ரைப் எங்கதான் பாவிக்கிறது எண்டு தம்பி சலிச்சுப்போய்க் கேட்டான். கனக்க இருக்கிற இடத்தில. ஒண்டு ரெண்டு வேரியபிளில மிச்சம் பிடிச்சு ஒண்டும் கட்டேலாது, ஆயிரக்கணக்கில ஒரே மாதிரி எண் அரேயில (எண்களை வரிசையா வைக்கிற இடம்) இருந்தா அங்க கட்டலாம். அதே ஊனோவில ரேம் மொத்தமே 2,048 பைற், லப்டொப்பில மூண்டு பைற்றுக்குச் சிரிச்ச நாங்கள் இங்க மூண்டு பைற்றுக்கும் யோசிக்க வேணும். மாமாவின்ர தோட்டத்தில மண் ஈரத்தை எடுத்து 500 தரம் சேத்து வைக்கிறன், இன்ற்றில வச்சா 1,000 பைற், பாதி ரேம் அதோட போட்டுது. ஆனா சென்சரை வாசிக்கிற அனலொக்றீட் கட்டளை குடுக்கிற எண் 0 இல இருந்து 1,023 வரைக்கும், பைற்றுக்கை கொள்ளாது. அப்பிடியே போட்டா 300 எண்டு வந்த ஈரம் 44 ஆகும், நனைஞ்ச மண்ணைக் காய்ஞ்சது எண்டோ காய்ஞ்சதை நனைஞ்சது எண்டோ சொல்லும். நாலால பிரிச்சுப்போட்டு வைக்கிறன், 0 இல இருந்து 255 க்கை வடிவா அடங்குது, 500 பைற் மிச்சம். வாழைக்கு ஈரம் அவ்வளவு நுணுக்கமாத் தெரியத் தேவையில்லை, அதால இழந்தது ஒண்டும் இல்லை. சின்ன ரைப்பைச் சரியாப் பாவிக்கிறது எண்டா இதுதான், எண்ணை ரைப்புக்குக் கொள்ளுற மாதிரி நீங்களே யோசிச்சுச் சுருக்கிறது, அது தானாச் சுத்தி வெட்டுப்பட விடுறதில்லை.

படமும் அப்பிடித்தான், ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு பச்சை நீலம் மூண்டும் 0 இல இருந்து 255, போன் கமராவில ஒரு படத்தில கோடிக்கணக்கில புள்ளி இருக்கேக்கை அதை இன்ற்றில வச்சா நாலு மடங்கு இடம் வேணும். பைதனில நம்பை (NumPy) எண்ட லைப்ரரியை வச்சுப் படத்தை வெளிச்சமாக்கப் பாக்கிற பிள்ளையள் கவனம், யூஇன்ற்8 அரேயில 200 இருக்கிற புள்ளிக்கு 100 ஐக் கூட்டினா 300 வராது, 44 வரும், முகத்தில வெளிச்சமான இடம் எல்லாம் கறுப்புத் திட்டாப் போகும். முதல்ல இன்ற்16 ஆக்கிக் கூட்டி, 255 க்கு மேல போனதை 255 இல வெட்டி, திருப்பி யூஇன்ற்8 ஆக்குங்கோ.

சாதாரண பைதனில இந்தப் பிரச்சினையே இல்லை, இன்ற் எவ்வளவு பெரிசாகவும் வளரும், ஏஎல் பிள்ளையள் இதால தப்பீட்டினம். ஆனா அது சும்மா வரேல்லை, 64 பிற் மிசினில ஒண்டு எண்ட எண்ணுக்கே 28 பைற் பிடிக்கும், சிஸ்.கெற்சைஸ்ஒஃப் போட்டுப் பாருங்கோ. கனக்க எண் சேக்க வேணும் எண்டா அரே மொடியூலில பெரிய 'பி' எழுத்தைக் குடுத்து எடுங்கோ, ஒண்டுக்கு ஒரு பைற், 300 போடப் பாத்தா பேசாம சுத்தாம ஓவர்ஃப்ளோ எரர் குடுக்கும், எனக்குப் பிடிச்ச குணம் அது. ஓஎல்லுக்குப் பாஸ்கல் செய்யிறாக்களுக்கு ஒண்டு, ஃப்ரீ பாஸ்கலில ஒண்டையும் மாத்தாம விட்டா இன்ரிஜர் எண்டது 16 பிற், 32,767 தான் எல்லை. ஒரு பவுன் விலையே லட்சத்துக்கு மேல நிக்கேக்கை காசுக்கணக்குக்கு அது ஆகாது, லோங்இன்ற் போடுங்கோ. புரோகிராமின்ர தலைப்பில நெளிவு அடைப்புக்கை டொலர் ஆர் பிளஸ் போட்டு விட்டா எல்லை தாண்டின இடத்தில 201 எண்டு ரன்ரைம் எரர் குடுத்து நிக்கும், போடாட்டி பேசாமப் போகும். பரீட்சையில கேக்கினமோ இல்லையோ வீட்டில பழகேக்கை போட்டு வையுங்கோ.

சீ எழுதுறாக்களுக்கு இன்னும் ரெண்டு. யூஇன்ற்8_ரி வேரியபிள் ஒண்டுக்கு ஸ்கான்எஃப்பில பெர்சென்ற் டி போட்டு வாசிக்காதேங்கோ, அது நாலு பைற் எழுதும், உங்களிட்டை இருக்கிறது ஒண்டு, மிச்ச மூண்டும் பக்கத்து வேரியபிளின்ர தலையில விழும், பேந்து சம்பந்தமே இல்லாத இடத்தில எண் மாறுது எண்டு பேய் பிசாசைத் தேடுவியள். ஒரு இன்ற்றுக்கு வாசிச்சு, எல்லைக்குள்ள இருக்கோ எண்டு பாத்து, பிறகு மாத்துங்கோ. மற்றது ஸ்ட்ரக்ட், கொஞ்ச வேரியபிளை ஒண்டாக் கட்டி வைக்கிறது. அதுக்கை சார், இன்ற், சார் எண்டு இந்த ஒழுங்கில வச்சா 6 பைற் எண்டு நினைப்பியள், சைஸ்ஒஃப் போட்டுப் பாத்தா பீசீயில 12 காட்டும், இன்ற் நாலால பிரிபடுற இடத்தில இருக்க வேணும் எண்டு நடுவில வெறும் இடம் விடுது. பெரிசை முதல்ல வச்சு சின்னனைப் பின்னால வச்சா 8. ரைப்பைச் சின்னனாக்கிறதை விட சாமானை அடுக்கிறதில மிச்சம் பிடிக்கலாம்.

டேட்டாபேஸில மைஎஸ்கியூஎல் ரைனிஇன்ற் ஒரு பைற், −128 இல இருந்து 127, மாக்ஸ் வைக்க நல்லது. இப்பத்தைய வேர்சனில கூடப் போட்டா எரர், பிழையான எண்ணை ஏற்காத ஸ்ரிக்ற் மோட் நிப்பாட்டி இருந்தா 127 எண்டு வெட்டி வச்சிடும், ஆர்ர மாக்ஸ் 127 எண்டு பாத்தா அங்க சந்தேகப்படுங்கோ.

ரெஸ்ற் பண்ணேக்கை 5, 10 எண்டு போட்டுப் பாத்து சரி எண்டு விட்டிடாதேங்கோ, நான் 5 உம் 30 உம் போட்டுப் பாத்த ஆள். ரைப்பின்ர எல்லையையும் அதுக்கு அடுத்த எண்ணையும் போடுங்கோ, பைற் எண்டா 127, 128, 255, 256, 0, −1. ஷோர்ட் எண்டா 32,767 உம் 32,768 உம். பேப்பரில முதல்ல விடையை எழுதிப்போட்டு ரன் பண்ணுங்கோ, அப்பதான் பிழை எங்க எண்டு தெரியும்.

தம்பிக்குக் குடுத்து விட்ட கணக்கை உங்களுக்கும் தாறன். யாழ்ப்பாண மாவட்டத்தில 435 கிராம சேவையாளர் பிரிவு. அந்த 435 ஐ ஜாவாவில பைற்றுக்கு காஸ்ட் பண்ணிப் பிறின்ற் பண்ணுங்கோ, அதே 435 ஐ ஆர்டுயினோ பைற்றில போட்டு சீரியல் மொனிற்றரில பாருங்கோ. ஒண்டில −77 எண்டும் மற்றதில 179 எண்டும் வரும். ரெண்டுக்கும் உள்ளுக்கை இருக்கிற சுவிச் ஒண்டுதான், 10110011. ஏன் வேற வேற வருது எண்டு அவன் நாளைக்கு வந்து சொல்லுறன் எண்டு போனவன், இன்னும் காணேல்லை.